லூயி மட்சீனியின் கையெழுத்துப்படியும் அமெரிக்கப் பிரதியின் முடிவும்

மாலைக்காட்சி:
1949இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோவுக்காக ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ படம் அமெரிக்காவுக்குப் போனபோது, நாயகன் லூயி சிறையில் எழுதிய வாக்குமூலத்தை அவன் திரும்ப எடுப்பதற்குள் பிறர் கண்டெடுப்பதாகச் சில விநாடிக் காட்சியைக் கடைசியில் சேர்த்தார்கள். தணிக்கைக்குப் பயந்து செய்ததே ஆனாலும், அதுவே நேர்மையான முடிவு என்பது என் கருத்து. சால்ஃபாண்ட் டியூக் பட்டத்துக்காக ஆறு பேரைக் கொன்றவன் தப்பினானா என்பதை ஊகத்துக்கு விடுவது, பார்வையாளரையும் அவனுக்கு உடந்தையாக்கிவிடுகிறது.

பழைய சுருள்:
நண்பரே, உடன்பட முடியவில்லை. இத்தாலியப் பாடகரை மணந்த குற்றத்துக்காக லூயியின் தாயை ஒதுக்கிய டி'அஸ்காயின் குடும்பம், அவள் இறந்த பிறகு குடும்பக் கல்லறையில்கூட இடம் தரவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்த மகன், வம்சாவளியில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே போகிறான். பிரிட்டிஷ் பிரதியின் இறுதியில் விடுதலையாகிச் சிறை வாசலில் நிற்கும்போது, பத்திரிகைக்காரர் ஒருவர் நினைவுக் குறிப்புகளைப் பற்றிக் கேட்டதும்தான் அவனுக்கு உறைக்கிறது. அடுத்து நாம் காண்பது அறை மேசையில் கிடக்கும் தாள்களை மட்டுமே. அதற்கு மேல் எதற்கு?

மேலும், ஆறு பேர் என்கிறீர்கள், ஏழு பேர். மெய்டன்ஹெட்டில் லூயி படகை அவிழ்த்துவிட்டபோது, அக்குடும்பத்து வாரிசுகளில் ஒருவனான இளைய அஸ்காயினுடன் ஒரு பெண்ணும் அணையைத் தாண்டி விழுந்து இறந்தாள்.

மாலைக்காட்சி:
ஒப்புக்கொள்கிறேன், பல முறை பார்த்தும் அவளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தோட்டத்தில் ஹென்றி டி'அஸ்காயினின் மனைவி ஈடித்துடன் லூயி பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஹென்றியின் புகைப்பட இருட்டறையிலிருந்து புகை எழுவதைக் கண்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு விலை ஒன்று இருக்க வேண்டாமா?

பழைய சுருள்:
அந்த விலையைத்தான் அமெரிக்க முடிவு தள்ளுபடி செய்கிறது. அவன் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்தவுடன் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். அஸ்காயின் தவிர்த்த டி'அஸ்காயின் குடும்பத்தார் எண்மராகவும் நடிகர் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்ததை எண்ணிப் பாருங்கள்.

மாலைக்காட்சி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இளைய அஸ்காயினும் அவரே.

பழைய சுருள்:
ஆம், தவறு என்னுடையது. எண்மரில் அவனும் அடக்கம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாமல் பூட்டி, ஒரே சுருளைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து, ஆறு கின்னஸ்களைத் தேவாலயத்தில் ஒன்றாக உட்காரவைத்தார். ஒரே முகம் மீண்டும் மீண்டும் சாவதால்தான் நமக்கு வலிப்பதில்லை. லூயியின் கையால் இறந்தவர்களில் தனக்கென்று ஒரு முகம் உள்ளவள் அந்தப் பெண் மட்டுமே.

மாலைக்காட்சி:
இதை நான் யோசித்ததில்லை. ஆயினும் பிரிட்டிஷ் முடிவிலும் அவளுக்காக ஒரு சொல் இல்லையே.

பழைய சுருள்:
மேசையில் கிடக்கும் தாள்களில் இருக்கிறது. லூயி அவளை ஒரே வாக்கியத்தில் கடந்துபோனாலும், தன் கையாலேயே எழுதியிருக்கிறான்.