குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: பொருந்தாமல் போன அந்த ஒரு பாகம் எது?

பரங்கிமலை

சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் நான் பேசிய பேச்சு இன்றுவரை மனத்தை அறுத்துக்கொண்டிருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2022 இறுதியில் கையில் 52,000 ரூபாய் இருந்தது. பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசசர் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அடுத்த தலைமுறையான பி550-க்குக் கொடுக்கவேண்டிய கூடுதல் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம் என்பது என் கணக்கு. பில் போடும்போது அவர், "தம்பி, இது பழைய ஸ்டாக். பயாஸ் அப்டேட் பண்ணித் தரட்டுமா? ஐந்நூறு ரூபாய் ஆகும்" என்று கேட்டார். பயாஸ் என்பது போர்டை எழுப்பி, பிராசசரை அடையாளம் காணும் மென்பொருள். பிராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டிலும் ஏஎம்4 தானே, பணம் பறிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு ஒரு மணிக்கு விசிறிகள் எல்லாம் சுற்றின. கேபினட்டின் விளக்குகள் எரிந்தன. போர்டின் ஓரத்தில் சிபியு என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் அரிசி அளவில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் நின்றது. மானிட்டர் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு உறங்கிப் போயிற்று. ரேமைக் கழற்றி மாட்டுவதும், பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிமோஸ் பேட்டரியை எடுத்து வைப்பதுமாக விடியும்வரை அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கடைக்குப் போன் செய்து, ஓடாத போர்டை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் "எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். போனதும் அலமாரியிலிருந்து ஒரு பழைய ரைசனை எடுத்து மாட்டி, பென் டிரைவைச் செருகி, பத்தே நிமிடத்தில் முடித்து, என் பிராசசரைத் திரும்ப வைத்தார். டிஸ்பிளே வந்தது. முதல் நாள் சொன்ன அதே 500 ரூபாயைத்தான் வாங்கினார். அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த வேறு பி450 பெட்டிகளில் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருந்ததையும், என் பெட்டியில் அது இல்லாததையும் அப்போதுதான் கவனித்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் கேட்காமலே வந்துவிட்டேன்.

தங்கச்சிமடம்

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட எளிய தவறு. தம்பியின் பிசிக்கு இன்டெல்லின் ஐ3-12100எஃப் பிராசசர் வாங்கினோம். பின்னால் இருக்கும் 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தால் விலை குறைகிறது என்பது தெரிந்தது, ஏன் குறைகிறது என்று பார்க்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்குவதாக ஏற்பாடு. அதுவரை போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகிப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தோம். அந்த வகைப் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் போர்டில் துவாரம் இருந்தும் படம் வராது. அடுத்த மாதச் சம்பளம் அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போனது, அதற்கடுத்த மாதம் வேறொரு செலவு வந்தது. நான்கு மாதங்கள் அந்தப் பெட்டி மேசைமேல் துணி போர்த்தியபடி இருந்தது. தம்பி ஒருநாளும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை அவன் அந்தத் துணியை எடுத்துத் தூசு தட்டிவிட்டு மறுபடி போர்த்துவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நெல்லை_சர்வீஸ்

பரங்கிமலை நண்பர் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடைக்காரர் நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ரைசன் 5 5600-ஐயும் பழைய பயாஸ் உள்ள பி450 போர்டையும் ஒரே பில்லில் போடுகிறவர், இரண்டும் சேர்ந்து ஓடும் நிலையில் கொடுப்பது அவருடைய கடமை. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டதே தவறு. பி450 2018-இல் வந்த சிப்செட். ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது, 5600 அதற்கும் பிறகு 2022 ஏப்ரலில் வந்தது. பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த போர்டுக்கு அந்தப் பிராசசர் இன்னதென்று எப்படித் தெரியும்? 2020 மே மாதத்தில், பி450 அடங்கிய 400 வரிசைப் போர்டுகளுக்குப் புதிய பிராசசர்களின் ஆதரவே கிடையாது என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி முதலில் அறிவித்து, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் மனம் மாறியது பலருக்கு நினைவிருக்கும். பயாஸ் சிப்பில் இடம் போதாது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். 16 எம்பி சிப் வைத்த போர்டுகளில் புதிய பிராசசர்களுக்கு இடம் ஒதுக்கச் சில பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கவேண்டியும் வந்தது. இவ்வளவு குழப்பமான ஒன்றில், வாங்க வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்று, விடியும்வரை விழித்திருக்கத் தேவையே இல்லை. போர்டின் பின்புறத்தில் பயாஸ் பிளாஷ்பேக் பொத்தான் இருந்தால், பிராசசரும் ரேமும் இல்லாமலே, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இணைப்பை மட்டும் கொடுத்து, எஃப்ஏடி32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் கோப்பை உரிய பெயரில் வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். என் சொந்த அனுபவம் என்று சொன்னால், அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஒரு வாடிக்கையாளரின் போர்டை நானே கெடுத்து, என் பணத்தில் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து யூபிஎஸ் இல்லாமல் பயாஸைத் தொடுவதில்லை.

பரங்கிமலை

என் போர்டில் அந்தப் பொத்தான் இல்லை. விலை குறைந்த பி450 போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. பாகங்களைப் பட்டியலிடும்போது பிசிபார்ட்பிக்கர் தளத்தில், சில பி450 போர்டுகளுக்கு இந்தப் பிராசசரைப் பயன்படுத்துமுன் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம் என்ற குறிப்பை நான் பார்த்திருந்தேன். 'சில', 'தேவைப்படலாம்' என்ற சொற்களைப் பார்த்துவிட்டு எனக்கு இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆகவே கடைக்காரர்மேல் பழி போட என்னால் முடியாது.

அமராவதி கரை

இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது தப்பினால் போதும் என்றுதான் எழுதுகிறேன். புதிய கிராபிக்ஸ் கார்டுக்காக 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிட்டு 650 வாட் வாங்கினேன். இரண்டுமே மாடுலர், அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியவை. பழைய கேபிள்களைக் கேபினட்டின் பின்பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழகாகக் கட்டியிருந்தேன். முனைகள் ஒன்றுபோல இருந்தன, புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் இடறாமல் உட்கார்ந்தன. அதனால் ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா கேபிளை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன்.

பொத்தானை அழுத்தியதும் நகம் சுண்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஈரப் பலகை கருகும் நாற்றம் அறையெங்கும் பரவியது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, அதன் பச்சைப் பலகையில் ஒரு சிப்பின் நடுவே கடுகளவு துளை, சுற்றிலும் புகை படிந்த வட்டம். டிஸ்க்கில் செருகும் முனைதான் எல்லாருக்கும் பொதுவான தரம். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பதைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையில்கூட அது மாறலாம். 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது.

அந்த டிஸ்க்கில் ஆயாவின் எண்பதாம் கல்யாணப் படங்கள் இருந்தன. அவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. டேட்டா மீட்புக்குக் கேட்ட தொகை என் புதிய கிராபிக்ஸ் கார்டின் விலையைவிட அதிகம். டிஸ்க் இன்னும் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

வெள்ளவத்தை

கரைக்காரரின் பதிவைப் படித்துவிட்டு என் கதையை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் பவர் சப்ளை பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022 மார்ச் இறுதியில் இங்கே இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலம். டொலர் ஏறிக்கொண்டே போனதால் பம்பலப்பிட்டியில் காலையில் கேட்ட விலை மாலையில் இருக்கவில்லை. அந்தப் பதற்றத்தில், 650 விஏ என்று எழுதியிருந்த யூபிஎஸ் ஒன்றை, 550 வாட் பவர் சப்ளைக்கு அது போதும் என்று எண்ணி வாங்கினேன். விஏ (வோல்ட்-ஆம்பியர்) வேறு, வாட் வேறு. அந்த யூபிஎஸ் உண்மையில் தரக்கூடியது 360 வாட்தான் என்பது பின்பக்க லேபிளில் சிறிய எழுத்தில் இருந்தது.

சும்மா இருக்கும்போது மின்சாரம் போனால் தாங்கிக்கொள்ளும். கேம் ஓடும்போது போனால் யூபிஎஸ் ஒருமுறை நீளமாக அலறும், எல்லாம் இருண்டுவிடும். என் பவர் சப்ளை, மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்றுள்ள ஆக்டிவ் பிஎஃப்சி வகை. யூபிஎஸ் தருவதோ சுவர் மின்சாரத்தின் வழவழப்பான சைன் அலை அல்ல, அதைப் போலப் படிபடியாக வெட்டிய அலை. சில சேர்க்கைகளில் இவை இரண்டும் ஒத்துப்போவதில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். இருட்டில் அந்த அலறலைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து அழுத இரவை மறக்க முடியாது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த எனக்கு, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தோன்றவில்லை.

மாங்கனி நகரம்

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டை, பிசிஐஇ 3.0 (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையின் பழைய தலைமுறை) உள்ள போர்டில் போட்டு அவதிப்பட்டவன் நான். பிடித்த கேமில் ஒவ்வொரு திருப்பத்திலும் படம் அரை நொடி உறைந்து நின்றது. கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய எல்லாரும் தடுக்கி விழுந்த இடம், பொருந்துமா என்று முன்கூட்டியே முழுதாகப் பார்க்காத அந்த ஒன்றே என்பதால், நான் இப்போது பின்பற்றும் முறையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிராசசரிலிருந்து தொடங்காதீர்கள், மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1080பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்குத் தேவையான கார்டு வேறு, 144 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவருக்குத் தேவையானது வேறு. கார்டு முடிவானதும் அதன் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதிவைத்துக் கேபினட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் விசிறியோ ரேடியேட்டரோ இருந்தால் அதன் தடிமனையும் கழித்துக்கொள்ளுங்கள். கார்டு எத்தனை லேன்களில் (தரவு போகும் தடங்களில்) பேசுகிறது என்பதை அவசியம் பாருங்கள். 6500 எக்ஸ்டி நான்கே லேன்களில் பேசுகிறது. பிசிஐஇ 4.0-இல் அது சமாளித்துக்கொள்ளும். 3.0-இல் பாதை பாதியாகச் சுருங்கும்போது, 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் திணறல் வரும். போர்டு பி550 ஆக இருந்தாலும் ரைசன் 5600ஜி, 5500 ஆகிய பிராசசர்கள் 3.0-ஐத்தான் தரும் என்பதால், அந்தச் சேர்க்கையிலும் இதே சிக்கல் உண்டு.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கார்டுக்குப் போர்டின் ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட், எஸ்எம்பிஎஸ்ஸின் 6 பின் கேபிளிலிருந்து 75, 8 பின் கேபிளிலிருந்து 150 என்று மின்சாரம் வருகிறது. உங்கள் கார்டு கேட்கும் பின்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் 12 வோல்ட்டும் எர்த்தும் அவற்றில் இடம் மாறியிருக்கும். உட்காராததை ஒருபோதும் அழுத்தி உட்காரவைக்காதீர்கள். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே பாதுகாப்புச் சுற்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

போர்டு வாங்குமுன் தயாரிப்பாளரின் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசரின் பெயருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு முதல் என்று இருப்பதைக் குறித்துக்கொண்டு, கடையில் அதைக் கேளுங்கள். எஸ்எஸ்டியை நேரே போர்டில் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பதால் மட்டும் எல்லா எம்.2 எஸ்எஸ்டியும் ஓடிவிடாது. சில ஸ்லாட்டுகள் பிசிஐஇ வழியே பேசும் என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும், சாட்டா வகையை அடையாளம் காணாது. சில போர்டுகளில் எம்.2-வை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். பழைய கூலரைப் புதிய போர்டில் போட நினைப்பவர்கள், இன்டெல்லின் எல்ஜிஏ1200 சாக்கெட்டில் 75 மில்லிமீட்டராக இருந்த துளை இடைவெளி எல்ஜிஏ1700-இல் 78 ஆனதை மறக்கவேண்டாம். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் வைக்கவேண்டும். வைத்தபின் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால் 3200 என்று பணம் கொடுத்த ரேம் அடிப்படை வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

தங்கச்சிமடம்

மாங்கனி நகரம் எழுதியது பயனுள்ளதுதான். ஆனால் முதலில் மானிட்டர், பிறகு கார்டு என்ற வரிசை, மொத்தப் பணமும் ஒரே நாளில் கையில் இருப்பவர்களுக்கானது. தவணை தவணையாக வாங்குகிற எங்களைப் போன்றவர்கள் முதல் மாதமே படம் வரும் பிராசசரை வாங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கவேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள ஐ3-12100-க்குச் சில ஆயிரம் கூடக் கொடுத்திருந்தால், அந்த நான்கு மாதமும் தம்பி படித்திருப்பான்.

உடுமலை

நேற்று நடந்தது இது. ஐ5-12400எஃப்-க்கு பி660 போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டையும் வெவ்வேறு கடைகளில், எங்கே மலிவோ அங்கே வாங்கினேன். அந்தப் பிராசசர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும் என்று படித்திருந்தேன், போர்டு ஒன்றைத்தான் ஏற்கும், என்னுடையது டிடிஆர்4-ஐத்தான் ஏற்கும் என்பது பிடிபடவில்லை. பின்கள் இரண்டிலும் 288 தான். ஆனால் நடுவே இருக்கும் வெட்டு ஒரு நூலளவு தள்ளியிருக்கிறது. ஒரு முனை இறங்க மறுத்தபோது தூசு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிறகு குச்சியை எடுத்து ஸ்லாட்டின் மேலேயே நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான் வெட்டு பொருந்தாதது கண்ணில் பட்டது. ஸ்லாட்டில் லேசான கீறல் மட்டும் விழுந்திருக்கிறது, உடைசல் எதுவும் தெரியவில்லை.

உறை பிரித்துவிட்டதால் ரேம் கடையில் திரும்ப எடுக்கமாட்டோம் என்கிறார்கள். போர்டை இன்னும் மூன்று நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கீறலைப் பார்த்தால் ஏற்பார்களா என்று தெரியவில்லை. ரேமை விற்றுவிட்டு டிடிஆர்4 வாங்குவதா, போர்டை மாற்றக் கேட்பதா? நெல்லை நண்பர் இருந்தால் சொல்லவும், புகைப்படம் அனுப்புகிறேன்.

நெல்லை_சர்வீஸ்

போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஸ்லாட்டின் உள்ளே தங்க நிறத் தொடுபுள்ளிகள் எதுவும் வளைந்திருக்கிறதா என்பது தெரியும்படி, பக்கவாட்டில் டார்ச் அடித்து நெருக்கத்தில் இரண்டு படங்கள் எடுத்து அனுப்புங்கள். புள்ளிகள் நேராக இருந்தால், கீறலை மறைக்காமல் நடந்ததைச் சொல்லி முதலில் போர்டுக் கடையில் கேட்டுப் பாருங்கள்.