முதிர்ந்த கடல் எண்ணெய் வயலில் புதிய கிணற்றுக்கு இடம் தேர்வது: 4டி சீஸ்மிக் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பெட்ரோலியப் பொறியியல் மாணவி

வணக்கம். வடகடலில் நார்வேக்கு உரிய பகுதியில் உள்ள எக்கோஃபிஸ்க் வயலைப் பற்றி ஆய்வேடு எழுதிவருகிறேன். 1969இல் கண்டறியப்பட்டு 1971இல் உற்பத்தி தொடங்கிய அந்த வயலில், 2010இல் கடல்தரையில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட ஒளியிழை உணரிகளைக் கொண்டு, சில மாத இடைவெளியில் சீஸ்மிக் அளவீடு (ஒலியலைகளை நிலத்தடிக்கு அனுப்பி, எதிரொலியைக் கொண்டு பாறைகளைப் படமெடுப்பது) எடுக்கப்படுகிறது; இப்படி ஒரே இடத்தைக் காலவாரியாக ஒப்பிடுவதே 4டி சீஸ்மிக். முந்தைய அளவீட்டோடு ஒப்பிடும்போது மாறியிருக்கும் இடங்கள் நீர் புகுந்தவை, மாறாத இடங்கள் எண்ணெய் மிஞ்சியவை, ஆகவே மாறாத இடத்தில் கிணறு தோண்டலாம் என்று எழுதியிருந்தேன். "அவ்வளவு எளிதல்ல" என்று மட்டும் ஓரத்தில் குறித்து வழிகாட்டி திருப்பித் தந்துவிட்டார். எங்கே தவறினேன்?

மறுமொழி 1: ரிசர்வாயர் (நிலத்தடி எண்ணெய்த் தேக்கம்) பொறியாளர்

இரண்டு இடங்களிலும் தவறியிருக்கிறீர்கள். எண்ணெய் இருந்த துளைகளில் நீர் புகுந்தால், நீர் எளிதில் அமுங்காது என்பதால் சீஸ்மிக் அலைக்குப் பாறை கடினமாகத் தெரியும். ஆனால் எண்ணெயைத் தள்ளி வெளியேற்ற நீரைச் செலுத்தும்போது அழுத்தமும் உயர்கிறது; அழுத்தம் உயர்ந்தால் பாறைத் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும் விசை குறைந்து, பாறை மென்மையாகத் தெரியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிட்டால், நீர் நன்றாகப் பாய்ந்த இடமே வரைபடத்தில் வெறுமையாக நிற்கும். அங்கே கிணறு தோண்டினால் நீர்தான் கிடைக்கும்.

மாறிய இடங்களின் கதையும் இப்படித்தான். எக்கோஃபிஸ்க்கின் பாறை துளைகள் மிகுந்த மென்மையான சுண்ணப்பாறை. எண்ணெயை எடுக்க எடுக்க அது நசுங்கும். 1984இல் இது தெரியவந்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது: நடுக்கடலில் நிற்கும் கான்கிரீட் சேமிப்புத் தொட்டியின் சுற்றுச்சுவரில் அலையின் வேகத்தைத் தணிக்கும் துளைகள் வரிசை வரிசையாக உண்டு, நீருக்கு மேலே தெரிந்த வரிசைகள் பழைய புகைப்படங்களில் இருந்ததைவிடக் குறைந்திருந்தன. கடல்தரையே தாழ்ந்திருந்தது. 1987இல் எஃகு மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். நீர் செலுத்துவதும் பெரிய அளவில் அவ்வாண்டே தொடங்கியது. அழுத்தம் மீண்ட பிறகும் தாழ்வு உடனே நிற்கவில்லை, ஏனெனில் கடல்நீர் பட்ட சுண்ணப்பாறை வலுவிழந்து மேலும் நசுங்குகிறது. நசுங்கிய பாறையும் சீஸ்மிக்கில் கடினமாகத்தான் தெரியும் என்பதால், நீங்கள் நீர் என்று குறித்த இடம் அழுத்தம் இறங்கி நசுங்கிய, எண்ணெய் இன்னும் மிஞ்சிய இடமாகவும் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எண்ணெய்ப்பாறைக்கு மேலே உள்ள அடுக்குகளைப் பாருங்கள். கீழே பாறை நசுங்கும்போது மேலுள்ள பாறை இழுபட்டு, அதன் வழியே அலை செல்லும் நேரம் சற்றுக் கூடும். துளைக்குள் இருப்பது நீரா எண்ணெயா என்பதைச் சாராத அடையாளம் அது. இன்னொன்று: இந்த வயலின் உச்சிப் பகுதியை மேலே கசிந்து தங்கிய வாயு மறைப்பதால், அங்கே சீஸ்மிக் படம் தெளிவாகக் கிடைப்பதில்லை. உங்கள் வரைபடத்தின் வெறுமை அந்தப் பகுதியில் விழுந்திருந்தால் அதற்குப் பொருளே இல்லை.

மறுமொழி 2: கடல்மேடையில் பணியாற்றியவர்

மேலே சொன்னது சரி. கிணற்றிலிருந்து வரும் தரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாகும் நீரில் சல்பேட் கூடிவந்தால் செலுத்திய கடல்நீர் அந்தக் கிணற்றை எட்டிவிட்டது என்று பொருள். பாறையில் இயல்பாக இருந்த நீரில் சல்பேட் பெரும்பாலும் மிகக் குறைவு. எந்தச் செலுத்து கிணற்றிலிருந்து வந்தது என்பதை அறிய, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு டிரேசர் (தடமறிய உதவும் பொருள்) கலந்து விடுவார்கள்.

பழைய உற்பத்திக் கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் இருந்த மேடையில் எல்லாக் கிணறுகளின் எண்ணெயும் ஒரே குழாயில் கலந்து சென்றது. ஒவ்வொரு கிணற்றையும் மாதத்துக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டும், சோதனைப் பிரிகலத்துக்கு (எண்ணெய், நீர், வாயுவைப் பிரித்து அளக்கும் கலன்) திருப்பி அளந்து, அந்த விகிதத்தில் மாதக் கணக்கைப் பங்கிட்டு எழுதினோம். கடல் அலை கடுமையாக இருந்த மாதங்களில் முந்தைய மாத விகிதமே தொடர்ந்தது. பின்னாளில் கணினி மாதிரியை அந்த எண்களுக்குப் பொருத்தியவர்கள், எங்கள் உத்தேசத்துக்குத்தான் பொருத்தினார்கள்.

கேள்வியாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. மேல் அடுக்குகளின் நேர மாற்றத்தைச் சேர்த்து அந்த இயலைத் திருத்தி எழுதுகிறேன். இதே முறையை அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலுக்கும் பரிந்துரைக்கலாமா?

மறுமொழி 3: ரிசர்வாயர் பொறியாளர்

அப்படியே பரிந்துரைக்க வேண்டாம். 1974இல் கண்டறியப்பட்ட மும்பை ஹையின் முதன்மை எண்ணெய்ப்பாறையும் சுண்ணாம்புக்கல் வகைதான், ஆனால் எக்கோஃபிஸ்க் பாறையைப் போல மென்மையானதல்ல. கெட்டியான பாறையில் எண்ணெய் போய் நீர் வந்தாலும் அலையின் வேகம் சிறிதளவே மாறும். அடுக்குகளும் மெல்லியவை என்பதால், எந்த அடுக்கில் நீர் முந்தியது என்பதை மேலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். அங்கே கிணற்றுக்குள் கருவி இறக்கி, அடுக்குவாரியாக எதிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்று அளப்பதற்கே நான் முதலில் செலவிடச் சொல்வேன்.