அப்பாவின் சேக்ரம் எலும்புக் கட்டி: அறுவை சிகிச்சை அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். 61 வயதான என் அப்பாவுக்கு ஒன்றரை ஆண்டாக, உட்காரும்போது மட்டும் அடிமுதுகில் வலி இருந்தது; டிஸ்க் தேய்மானம் என்று சொல்லி மாத்திரையும் பிசியோதெரபியுமாகவே காலம் கழிந்தது. பேருந்தில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். சென்ற மாதம் எடுத்த எம்ஆர்ஐயில் முதுகெலும்பின் அடியில் உள்ள சேக்ரம் எலும்பின் கீழ்ப்பகுதியில் 7 சென்டிமீட்டர் அளவில் கட்டி தெரிந்தது. ஊசி வழியே பின்புறமாக எடுத்த பயாப்சியில் பிராக்கியூரி (கட்டியின் வகையை அடையாளம் காட்டும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என வந்ததால், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வருகிற கோர்டோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று உறுதியாகியுள்ளது.

கட்டியை உடைக்காமல், ஊசி சென்ற பாதையோடு சேர்த்து ஒரே துண்டாக அகற்றினால்தான் அது மீண்டும் வரும் வாய்ப்பு குறையும் என்றும், வழக்கமான கீமோதெரபி இதற்குப் பெரிதாகப் பலன் தராது என்றும் மருத்துவர் விளக்கினார். சேக்ரம் வழியே வரும் எஸ்2, எஸ்3 நரம்புகளை இருபுறமும் வெட்ட நேர்ந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போய்விடலாம் என்பதுதான் எங்களை உறங்கவிடவில்லை.

இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர்களோ அவர்களுடைய குடும்பத்தினரோ இங்கே இருந்தால், ஒரு பக்க நரம்பையாவது காப்பாற்ற முடிந்ததா, புண் ஆற எத்தனை நாள் ஆனது, பின்னர் புரோட்டான் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். நாட்டு மருந்து யோசனைகள் மட்டும் வேண்டாம், மன்னிக்கவும்.