மன்றத்துக்கு ஆள் வருவதில்லை, ரத்தம் கேட்டால் ஓடி வருகிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

மண்டபத்தான்:
எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தை ரொம்ப வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2004 சுனாமியப்போ, அப்புறம் 2018இல் கஜா புயலுக்கு வேதாரண்யம் பக்கம் சாமான் ஏற்றி அனுப்பியபோது, மைக்கில் ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரண்டு வந்துவிடும். இப்போது மாதக் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால் பெரிய விஷயம், அதுவும் என் வயசுக்காரர்கள். ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, ஏனென்றால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்று ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டால், கூட்டத்துக்கு எட்டியே பார்க்காத பையன்தான் முதல் ஆளாக பைக்கை எடுக்கிறான். இவர்களை மன்றத்துக்குள் எப்படிக் கொண்டு வருவது?

விசைப்படகு_தங்கச்சிமடம்:
அண்ணே, கூட்டம் என்றைக்கு வைக்கிறீர்கள்? ஞாயிறு காலை என்றால் எங்கள் பையன்கள் வரவே முடியாது. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலைதான் கரை திரும்பும், மீனை இறக்கி வலையைச் சரிபார்த்து வீட்டுக்குப் போய்த் தூங்கத்தான் உடம்பு கேட்கும். சரி, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் சும்மாதானே இருப்பார்கள் என்று நினைக்கலாம், அப்போது பலர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாளை மாற்றிப் பாருங்கள்.

பாம்பன்_டீச்சர்:
உங்கள் மன்றத்தில் பெண்கள் எத்தனை பேர் அண்ணா? 2021இல் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தபோது எந்தச் சங்கத்திலும் பெயர் இல்லாத பெண்கள்தான் எங்கள் தெருவில் சாயங்காலமானால் பாயை விரித்து, கொரோனாவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில் எழுத்தே மறந்து போன பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றதும் "காசு வாங்கினால் அது சேவையா" என்று கேட்டவர்களும் உண்டு, எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு பொறுப்பை ஏற்பதற்கு அந்த ஆயிரம்தான் வீட்டில் அனுமதி வாங்கிக் கொடுத்தது.

என்எஸ்எஸ்_ராம்நாடு:
நான் காலேஜ் மூன்றாம் வருஷம். என்எஸ்எஸ் என்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் எங்களுக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம், கடைசியில் சான்றிதழ். சான்றிதழுக்காக வருகிறான் என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மைதான், அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். போட்டோ எடுத்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், நின்றவர்களும் கரை ஒதுங்கிய கடற்புல்லையெல்லாம் குப்பை என்று சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தோம். அங்கே இருந்த மீனவர் ஒருத்தர்தான், "தம்பி, அது கரை மண்ணைப் பிடித்து வைக்கிறது, அதை விட்டுவிட்டு இந்த வலையை எடு" என்றார். மண்ணுக்குள் பாதி புதைந்த அறுந்த நைலான் வலை. இழுத்தால் அசையாது, சுற்றிலும் கையால் தோண்டிக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இந்த மாதிரி வலையில் சிக்கியும் ஆமைகள் சாகின்றன. அன்றைக்கு அவரிடம் கற்றுக்கொண்டவர்கள்தான் இப்போது பங்குனி ஆமை முட்டையிடும் சீசனில் வனத்துறை ஆட்களோடு தனுஷ்கோடி மணலில் ராத்திரி நடக்கிறார்கள். எங்களுக்குக் கூட்டம் வேண்டாம் அண்ணா. வேலை என்ன, எத்தனை மணிக்கு முடியும், யார் சொல்லித் தருவார்கள் என்று போடுங்கள்.

கீழக்கரை_துபாய்:
காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), ரத்த விஷயத்தில் ஒன்று. ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நாலு மாதம் இடைவெளி விடணும். ஆர்வத்தில் அதே பையன்கள் திரும்ப வந்து ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், நோயாளி வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது. யார் எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். இங்கே இருந்தே நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன், ஊருக்கு என்னால் இப்போதைக்கு முடிவது அதுதான்.

மண்டபத்தான்:
தம்பி, பட்டியல் உங்கள் பொறுப்பு, நம்பரைத் தனியாக அனுப்புங்கள். டீச்சரம்மா, மன்றத்தில் பெண்கள் ஒருத்தர் கூட இல்லை, உண்மைதான். வலை அறுக்கும் வேலையை முதலில் எடுக்கலாம் என்று தோன்றுகிறது, செவ்வாய் சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை. கத்தி, சாக்கு, கையுறை மன்றம் தரும். தங்கச்சிமடம் தம்பி, சொல்லித் தர உங்கள் ஆளில் ஒருத்தரை அனுப்ப முடியுமா?