புதுப்பிப்பு: எங்கள் கைப்பம்பில் தண்ணீர் வந்துவிட்டது

ஆப்பிரிக்க நாடான மலாவியில், சோம்பா நகருக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வலராகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்க் கைப்பம்பு பழுதானதால் காலை வகுப்புக்குப் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வருவதில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை சரியாகிவிட்டது. செய்தவர்கள் ஊர்த் தண்ணீர்க் குழுப் பெண்கள். இது அஃப்ரிடேவ் வகைப் பம்பு; கிராமத்தாரே பிரித்துப் பூட்டுவதற்கென்று 1980-களில் உருவானது. ஒரே ஒரு ஸ்பேனரால் தலைப்பகுதியைத் திறந்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே உருவினார்கள். கடைசியாக வந்த பிஸ்டனில், உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம் ஓரமெல்லாம் தேய்ந்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. அவ்வளவுதான் கோளாறு! புதிய வளையம் மாட்டிக் கைப்பிடியை அடித்ததும் முதலில் செந்நிறமாகக் கலங்கி வந்த நீர், கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. ஒரு பாட்டி இரு கையாலும் ஏந்திக் குடித்தார்.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களுக்கு நன்றி. வேண்டாம், வீட்டுக்கு வீடு சேர்த்த நிதியிலேயே வளையத்தை வாங்கிவிட்டார்கள். எனக்கு அதில்தான் பெரிய நிம்மதி.

நேற்றுக் காலை முதல் வகுப்பில் பெண்கள் பெஞ்சு நிறைந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து பின்னக் கணக்கைத் தொடங்கினோம்.