உளப்பகுப்பாய்வில் முதுகலை: சமூகவியல் படித்தவர் சேரலாமா?

வைகைக்கரை: பி.ஏ. சமூகவியல் முடித்திருக்கிறேன். இங்கிலாந்தில் உளப்பகுப்பாய்வு (நனவிலி மனத்தை ஆராயும் துறை) படிக்க ஆசை. சிகிச்சை செய்யும் எண்ணமில்லை. தலைவர் வழிபாட்டையும் இனவெறுப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். உளவியல் பட்டம் இல்லாமல் சேர முடியுமா?

நூலகவாசி: தாராளமாக. என் வகுப்பில் இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள்தான் அதிகம். கோல்செஸ்டரில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் கேட்ட தலைவர் வழிபாட்டைப் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்ட் 1921இலேயே ஒரு சிறு நூலில் எழுதிவிட்டார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தான் எப்படி இருக்க வேண்டும் என்ற இலட்சிய பிம்பம் இருந்த இடத்தில் தலைவரை வைக்கிறார். எல்லோரும் ஒரே ஆளை வைப்பதால் தங்களுக்குள்ளும் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சிறு நூலை வரிவரியாக வாசித்தோம். தேர்தல் கூட்டத்தை இப்போது பார்த்தாலும் அதுதான் நினைவுக்கு வரும். இனவெறுப்புக்கு மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபானோன். காலனிய அல்ஜீரியாவில் பிளிதா மனநல மருத்துவமனையில் 1953 முதல் பணிபுரிந்தவர். அவரை அவசியம் படியுங்கள்.

ஒன்று மட்டும்: கோட்பாட்டு முதுகலையை வைத்துப் பகுப்பாய்வாளராக முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், தானும் பல ஆண்டுகள் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும்.

தெற்குத்தெரு: கிரீந்திரசேகர் போஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர், ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதி மாறுபட்டவர். ஆய்வேட்டுக்கு அருமையான பொருள்.

வைகைக்கரை: மிக்க நன்றி. சரி, 1921 நூலிலிருந்தே தொடங்குகிறேன்.