பையனை கிரவுண்டு பாருக்குள் விடலாமா? நாளைக்குள் பதில் வேண்டும்

புதுசா வந்தவள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மதுரை, அண்ணாநகர். இங்கே வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. பையனை கிரிக்கெட் கிளப்பில் சேர்த்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ். முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் கிளப் பாருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். போன வாரம் மாமியாரோடு வீடியோ காலில் இருந்தபோது பையனையும் அதில் சேர்த்தேன், பின்னால் ஒருத்தர் பீர் கிளாஸோடு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். திருப்பரங்குன்றத்தில் இருக்கிற நாத்தனார் வரைக்கும் செய்தி போய்விட்டது, "பிள்ளையைக் குடிகாரனாக்கவா சீமைக்குக் கூட்டிப் போனாய்" என்று கேட்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை. ஸ்கூலுக்குத் தெரிந்து யாராவது எழுதிப் போட்டால் விசாவில் கை வைப்பார்களா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்றுதான் பயம். ராத்திரி தூக்கம் இல்லை. நாளை மறுபடி பிராக்டிஸ். அனுப்பவா, வேண்டாமா?

சிம்மக்கல்காரன்:
அனுப்பாதீர்கள் தங்கச்சி, ஒரே பேச்சு. 2011-ல் நார்வேயில் நம் நாட்டுத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? நான் 2009-ல் வந்தபோது இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாதி கிடையாது. ஒரே அறையில் நாலு பேர். கரண்ட் மீட்டருக்கு ஒரு சாவி உண்டு, அதைக் கடையில் கொடுத்துக் காசு ஏற்றி வந்து சொருகினால்தான் ஹீட்டர் ஓடும், ஞாயிற்றுக்கிழமை கடை சீக்கிரம் சாத்திவிட்டால் ராத்திரி முழுக்க ஜாக்கெட்டோடு படுக்க வேண்டியதுதான். இப்போது வருகிறவர்களுக்கு வந்ததும் வராததுமாக கிரிக்கெட் கோச்சிங் கேட்கிறது.

மேலூரான், மெல்போர்ன்:
அண்ணே, நார்வே கதைக்கும் பாருக்கும் என்ன சம்பந்தம்? தங்கச்சி, தாராளமாக அனுப்புங்கள். இங்கே விக்டோரியாவில் 18 வயசு ஆகாத பிள்ளை பொறுப்பான பெரியவர் ஒருவரோடு லைசென்ஸ் உள்ள இடத்துக்குள் வரலாம், சாப்பிட வந்தாலும் வரலாம். குடிக்கத்தான் கூடாது. முன்பெல்லாம் அப்பா அம்மாவோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கொஞ்சம் கொடுக்கலாம் என்று இருந்தது, 2018-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மான்செஸ்டர் மச்சான்:
அந்த ஊர்ச் சட்டத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கிலாந்தில் ஆட்டம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கவே கூடாது, 1985-லேயே சட்டம் போட்டாச்சு. அந்த கிளப்பே தப்பு. புகார் கொடுங்கள்.

வைகைக்கரை:
மச்சான், அது பெரிய ஃபுட்பால் கிரவுண்டுகளுக்கு. கிரிக்கெட்டுக்கு அது பொருந்தாது. லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் கிரவுண்டில் பாதிப் பேர் கையில் கிளாஸோடுதான் மேட்ச் பார்க்கிறார்கள். முதலில் இந்தப் பொண்ணு எந்த நாட்டில் இருக்கிறது என்றே சொல்லவில்லை, அதற்குள் புகார் வரைக்கும் போய்விட்டீர்கள்.

உசிலம்பட்டி மாமா:
நான் ஊரில்தான் இருக்கிறேன், மகன்தான் லீட்ஸில். சம்பந்தியம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நம்ம ஊரில் 21 வயசு ஆனால்தான் டாஸ்மாக்கில் சரக்கு வாங்க முடியும் என்று சட்டம் இருக்கிறது. பக்கத்துப் பாரைப் பார்த்திருக்கிறீர்களா? காலுக்கடியில் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் மிதிபடும், பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது, குடும்பத்தோடு போகிற இடமா அது? அதை நினைத்துத்தான் அந்தம்மா பதறுகிறார். "அலங்காநல்லூரில் மாடு முட்டுகிற இடத்துக்குப் பேரனைத் தோளில் தூக்கிப் போவீர்கள், பீர் இருக்கிற அறையில் உட்காரக் கூடாதா" என்று என் மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கூடாது.

சிம்மக்கல்காரன்:
மாமா சொன்னது சரி. கிளப் ஃபீஸ் வேறு, பேட், பேடு, ஹெல்மெட் வேறு. பாதி நாள் மழை. தமுக்கம் பக்கத்தில் கட்டையை நட்டுக் காசில்லாமல் ஆடினோம்.

மான்செஸ்டர் மச்சான்:
மழையைப் பற்றிப் பேசாதீர்கள் அண்ணே. ஏப்ரலில் ஸ்வெட்டர் போட்டு ஃபீல்டிங் நின்றவன் நான். பரோட்டா என்ற பெயரில் இங்கே ஃப்ரீசரில் விற்கிற சாமானைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும்.

வைகைக்கரை:
பரோட்டாவை அப்புறம் பார்ப்போம். பிள்ளைகளை பாருக்குள் விடக் கூடாது என்கிறவர்கள் ஒரு கிராமத்து கிளப்புக்குள் போய்ப் பாருங்கள். இருப்பதே ஒரு அறை. மழை வந்தால் ஒதுங்குவதும் அங்கேதான், கழிப்பறைக்குப் போகிற வழியும் அதுதான். சுவரில் பழைய கேப்டன்கள் பெயரைத் தங்க எழுத்தில் எழுதிய பலகை, கீழே சிப்ஸ் பாக்கெட்டை நடுவில் கிழித்து மேசையில் விரித்து வைத்திருப்பார்கள், ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளலாம். நூறு அடித்தவரும் ஐந்து விக்கெட் எடுத்தவரும் டீமுக்கு ஒரு ஜக் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம், பிள்ளைகளுக்கு ஆரஞ்சு ஸ்குவாஷ். ரோலர், புல் வெட்டுவது, நெட் எல்லாவற்றுக்கும் பார் வருமானத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். பிள்ளைக்கு இடமில்லை என்றால் அப்பா அம்மாவும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கிளப்பைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் சனிக்கிழமை மேட்ச் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் பேச்சு ஒரு மாதிரி ஆகிவிடும். அதற்குள் நான் என் பிள்ளைகளைக் கிளப்பிவிடுவேன், அதில் சமரசம் கிடையாது.

கோரிப்பாளையம் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கச்சி, மூன்று விசயம் சொல்லு. எந்த ஊர்? பையனுக்கு என்ன வயசு? வீடியோ காலில் அவன் யாருடைய போனில் பேசினான்? நீ வீட்டில் இருந்தாய், அப்படியென்றால் உன் வீட்டுக்காரர் அங்கே இருந்தாரா?

புதுசா வந்தவள்:
மன்னிக்கணும் அக்கா, சொல்ல விட்டுப்போச்சு. லெஸ்டர் பக்கம். பையனுக்கு 9. இவருக்கு வெள்ளிக்கிழமை நைட் டியூட்டி, எனக்குக் கைக்குழந்தை, கார் ஓட்டத் தெரியாது. கூடப் படிக்கிற பையனின் அப்பாதான் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார், அவர் போனில்தான் பேசினான். வெள்ளைக்காரர், நல்ல மனுசர். அவரும் ஒரு கிளாஸ் குடிப்பார் என்று பையன் சொன்னான்.

கோரிப்பாளையம் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாமா இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். இங்கிலாந்துக்கு 2003 லைசென்சிங் சட்டம். குடிப்பதற்கென்றே இருக்கிற இடத்தில் 16 வயசு ஆகாத பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, 18 முடிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். அது அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் உன் பையன் அந்த அப்பாவோடு உட்கார்ந்து ஸ்குவாஷ் குடிப்பதில் தப்பே இல்லை, இதற்காக விசாவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்துக்குக் குடிபோனால் மறுபடி கேள், அங்கே சட்டம் வேறு. சட்டம் விட்டாலும் கிளப் தன் பங்குக்கு இத்தனை மணிக்கு மேல் பிள்ளைகள் கூடாது என்று வைத்திருக்கலாம். பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று கிளப்பில் ஒரு ஆள் இருப்பார், வெல்ஃபேர் ஆபீசர் என்பார்கள், பேர் பெரும்பாலும் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அவருக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுது: பையனை இன்னார்தான் கூட்டி வருவார், என் சம்மதம் உண்டு, அவசரமென்றால் இந்த நம்பர்.

நீ பயப்பட வேண்டியது காருக்கு. குடித்தவர் வண்டியில் பிள்ளையை ஏற்றாதே. இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விடுகிறார்கள், ஒரு கிளாஸில் அந்த அளவைத் தாண்டாமலும் இருக்கலாம், அந்தக் கணக்கெல்லாம் உனக்கு வேண்டாம். "பையனைக் கொண்டுவந்து விடுகிற அன்றைக்கு மட்டும் குடிக்க வேண்டாம், பிளீஸ்" என்று நேரே கேள். இந்த ஊரில் அதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூச்சமாக இருந்தால் பிராக்டிஸ் முடிந்ததும் உடனே விட்டுவிட முடியுமா என்று கேள்.

அப்புறம் 12 வயசு அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும் சைல்டு சீட் வேண்டும், வேறு ஒருவர் காராக இருந்தாலும். இருக்கிறதா?

புதுசா வந்தவள்:
இல்லக்கா. அவன் 128 செ.மீ., எடை 26 கிலோ. பழசு வாங்கினால் போதுமா? மாமியாரிடம் என்ன சொல்ல?

வைகைக்கரை:
பழசு வேண்டாம், ஏதாவது ஆக்சிடெண்டில் அடிபட்ட சீட்டா என்று பார்த்தால் தெரியாது. முதுகு இல்லாத பூஸ்டர் 125 செ.மீ.க்கு மேலே, 22 கிலோவுக்கு மேலே உள்ளவர்களுக்கு என்பதால் அவனுக்குப் பொருந்தும், முதுகோடு உள்ளது இன்னும் நல்லது. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து போட்ட லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நானும் லெஸ்டர்தான். எந்தப் பக்கம் என்று தனியாக மெசேஜ் போடுங்கள், இந்த வெள்ளிக்கிழமைக்கு என் மகளின் பூஸ்டரைக் கொண்டுவந்து தருகிறேன், நான் புதிதாக வாங்கியது, எங்கேயும் இடிபடாதது.

உசிலம்பட்டி மாமா:
மாமியாரிடம் நான் பேசுகிறேன், நம்பரைப் பையனின் அப்பாவை விட்டு அனுப்பச் சொல்.